மாட்டை விட்டு எப்படி வருவது?

பெரகல சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பெருந்தெருவிற் செல்வோர், கொஸ்லந்த கடைவீதியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் வண்டியை நிறுத்தாமற் போவதில்லை. சுமார் 720 அடி உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி அவர்களை நிறுத்திவிடும். பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள், சூடாக ஒரு தேநீர் அருந்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அருவிக்கு மேலே, மேகம் படிந்த மலைச்சரிவுகளில் யார் வாழ்கிறார்கள், அவர்களுடைய அடுப்பு எதனால் எரிகிறது என்று கேட்பவர் மிகச் சிலர். நாமும் பல ஆண்டுகள் கேளாமலே போய்வந்தவர்கள்தாம்.

அதை நம்மைக் கேட்க வைத்தவர் ஒரு தாய். ஓர் அடைமழைக் காலத்தில், நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் குடும்பம் லயத்தை விட்டு வெளியேற்றப்பட்டு ஒரு பாடசாலையில் தங்கியிருப்பதாகக் கேள்வியுற்றுப் பார்க்கச் சென்றிருந்தோம். மாணவி இருந்தாள், தாயைக் காணவில்லை. சற்று நேரங் கழித்து, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு அந்த அம்மையார் வந்து சேர்ந்தார். கையில் ஒரு சிறு பாற்பாத்திரம் இருந்தது. எந்த மலைச்சரிவை விட்டு ஓடி வரச் சொன்னார்களோ, அதே சரிவுக்கு விடியுமுன் திரும்பிப் போய் மாட்டைக் கறந்துவிட்டு வருகிறார்!

“அம்மா, அங்கே போகக் கூடாதென்று சொல்லியிருக்கிறார்களே, போகலாமா?” என்றோம்.

“மாட்ட விட்டுட்டு எப்படிங்க ஐயா வாறது? லயம் தோட்டத்துது. நெலம் கவர்மெண்டுது. அந்த மாடு மட்டுந்தானுங்க எங்களுது” என்றார் அவர்.

அதற்கு விடை சொல்ல நம்மால் முடியவில்லை. பட்டம் பெற்றவர்கள், கல்லூரியிற் பாடஞ் சொல்பவர்கள் என்னும் நம் பெருமையெல்லாம் அந்தப் பாடசாலை வாங்கின் ஓரத்தில் ஒடுங்கிப் போயிற்று. ஆபத்து வேளையில் கால்நடை வளர்ப்போருக்கு அரசாங்கங்கள் எவ்வாறு பண உதவி செய்கின்றன, எப்போது செய்கின்றன என்று அதன் பின்னர் தேடிப் படிக்கலானோம். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

லயத்துக் குடும்பத்தின் செல்வம்

பண்டைத் தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருள் உண்டு. நகரத்தில் வாழும் நமக்கு அஃது அகராதியிற் காணும் செய்தி. தோட்டத்தில் வாழ்வோருக்கோ அன்றாட உண்மை.

மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நாடற்ற நிலை நீங்க நெடுங்காலம் சென்றது. ஆனால், கைமாறிய ஒவ்வொரு தடவையும் லயத்துக் காம்பராவின் உறுதிப்பத்திரம் மட்டும் அதில் வாழ்ந்தவரின் கைக்கு வரவில்லை. வீடும் தமதல்ல, வீடு நிற்கும் மண்ணும் தமதல்ல என்ற நிலையில், விலைக்கு வாங்கி, கன்று ஈனச் செய்து, இது எம்முடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஒரே சொத்தாகப் பசு ஒன்றே மிஞ்சிற்று.

அப்பசுவின் பொருட்டு அவ்வீட்டுப் பெண் படும் பாட்டை நோக்குங்கள். சேவல் கூவுமுன் எழுந்து பால் கறக்கிறாள். பாற்காரனிடம் பாலை ஊற்றிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறாள். பகல் முழுவதும் கொழுந்து கொய்கிறாள். மாலையில் கூடையை இறக்கி வைத்தபின் புல்லறுக்கப் போகிறாள். பசுவொன்று தன் உடல் எடையிற் பத்தில் ஒரு பங்கு பசும்புல்லைத் தினந்தோறும் உண்ணும் என்பது கால்நடை நூலோர் கணக்கு. 350 கிலோ எடையுள்ள பசுவென்றால் 35 கிலோ புல். அதைத் தலையிற் சுமந்து மலையேறுகிறாள். நாட்சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் போய்விடுகிறது. பிள்ளையின் பாடசாலைச் செலவு, மருந்துச் செலவு, திடீரென வரும் கலியாணச் செலவு யாவும் அந்தப் பாற்பணத்திலும் கன்று விற்ற பணத்திலுமே நடக்கின்றன. வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். மாடு எந்த உறுதியும் கேட்பதில்லை.

அத்தகைய பசு மாண்டால் என்ன நேரிடும்? வேறொன்றை வாங்கப் பணமில்லையெனில், பெண் கன்று ஒன்றை வளர்த்தே ஆகவேண்டும். அது வளர்ந்து, சினைப்பட்டு, ஒன்பது மாதத்துக்கு மேலாகச் சுமந்து, கன்று ஈன்று பால் தர ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு பசுவின் சாவு ஒரு நாள் நட்டமன்று. மூன்றாண்டு வருமானத்தின் சாவு.

மண் சரிந்த மலை

கொஸ்லந்த என்னும் ஊரின் பெயரை உலகம் அறிந்தது ஒரு துயரத்தினால். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, தீபாவளி கழிந்து சரியாக ஒரு வாரத்தில், மீரியபெத்த தோட்டத்தின் லயங்களின் மேல் மலை சரிந்து விழுந்தது. லயங்களும் கோயிலும் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகளிற் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. புதையுண்டோர் பலரின் உடல்கள் கூடக் கிடைக்கவில்லை.

அந்த மலை ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இருக்கவில்லை. அழிவு நிகழ்ந்தபின் மாக்கல்தெனிய தோட்டத்தில் 75 வீடுகள் கட்டப்பட்டு, 2016 இல் மக்களிடம் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் அதே பக்கத்துப் பூனாகலை, கபரகல தோட்டத்திலும் மண் சரிந்து லயங்கள் சேதமுற்றன. 2025 நவம்பர் 28 ஆம் திகதி கரையேறிய ‘டித்வா’ புயல் நாடு முழுவதிலும் 600 பேருக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று.

இவ்வளவும் நடந்த பின்னும், வெளியேறுங்கள் என்று சொல்லும்போது மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று பட்டினத்தார் வியப்பதுண்டு. அறியாமை என்று சொல்லிவிடுவோரும் உளர். நாம் கண்ட அம்மையார் அறியாதவரல்லர். மண் பிளந்தால் என்ன ஆகும் என்பதை நம்மைவிட நன்கு அறிவார். ஆனால் பசு காலையும் மாலையும் கறக்கப்படவேண்டும். கறவாவிடின் மடி வீங்கி நோய் காணும். புல் இல்லையேல் இரண்டொரு நாளில் பால் வற்றும். முகாமில் அவருக்குச் சோறு தருகிறார்கள். மாட்டுக்குப் புல் தருபவர் எவருமில்லை. எனவே அவர் திரும்பிப் போகிறார். இந்தத் திரும்பிப் போதலிற்றான் உயிர் போகிறது.

செத்த மாட்டுக்கா, உயிருள்ள மாட்டுக்கா?

கால்நடை வளர்ப்போருக்கு அரசாங்கங்கள் தரும் அவசர உதவிப் பணத்தை இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று, மாடு இறந்தபின் தரும் இழப்பீடு. மற்றொன்று, மாடு இறவாமற் காக்க, ஆபத்து வேளையிலேயே தரும் உதவி. பத்திரிகைகளிற் பெரிதாக வருவது முன்னையது. பயன் மிகுதியும் உடையது பின்னையது.

அயல்நாடாம் இந்தியாவில் இரண்டுக்கும் விதி உண்டு. 2022 முதல் 2026 வரையான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த பேரிடர் நிவாரண விதிகளின்படி, இறந்த கறவைப் பசு அல்லது எருமை ஒன்றுக்கு 37,500 இந்திய ரூபாவும், உழவு மாட்டுக்கு 32,000 ரூபாவும், கன்றுக்கு 20,000 ரூபாவும், ஆட்டுக்கு 4,000 ரூபாவும் தரப்படும். ஒரு குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை மாடுகள் வரை என்பது எல்லை. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் சென்னையையும் அதன் சூழலையும் தாக்கியபோது, தமிழ்நாட்டு அரசு பசுவுக்கான தொகையை 30,000 இலிருந்து 37,500 ஆக உயர்த்தி வழங்கியது. இவற்றோடு, ஆபத்துக் காலத்தில் மாடுகளை ஓரிடத்திற் சேர்த்துத் தீவனமும் நீரும் கொடுக்கும் முகாம்களுக்கும் அவ்விதிகளில் இடமுண்டு. பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 80 ரூபா, சிறிய கால்நடைக்கு 45 ரூபா. தொகை சிறிதுதான். ஆனால் மனிதருக்கு முகாம் உண்டெனில் மாட்டுக்கும் முகாம் உண்டு என்ற கொள்கை பெரிது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாறு இன்னும் நீண்டது. 1934 இல் பெரும் வறட்சி வந்தபோது, புல்லின்றி வாடிய மாடுகளை மத்திய அரசே விலைக்கு வாங்கிற்று. அவ்வாறு வாங்கப்பட்டவை 80 இலட்சத்துக்கும் மேல். அவற்றைக் கொன்று இறைச்சியாக்கி ஏழைகளுக்குப் பகிர்ந்தனர், நோயுற்றவற்றைப் புதைத்தனர். பசுவைத் தாயென வணங்கும் நம் மனத்துக்கு இம்முறை ஒவ்வாது. எனினும் அத்திட்டத்தில் நாம் கற்கத்தக்க நுட்பம் ஒன்றிருந்தது. மாட்டின் விலையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவர் பிடித்துக்கொள்ளலாம். மறு பகுதியையோ கடன்காரர் எவரும் தொட முடியாது. அது மாட்டுக்காரனின் கைக்கே சேரும். அடகுக்கடைக்கும் வாரக் கடனுக்கும் நம் தோட்டத்துப் பெண்கள் பட்டிருக்கும் நிலையை எண்ணிப் பார்த்தால், இதன் அருமை தெரியும்.

அதே நாட்டில் 2013 இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒக்டோபர் மாதத்தின் முதல் வாரம். தென் டக்கோட்டா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மாடுகள் இன்னும் கோடைகால மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. குளிர்கால உரோமம் அவற்றுக்கு வளர்ந்திருக்கவில்லை. முதலில் மழை பெய்து அவற்றை நனைத்தது. உடனே பனிப்புயல் வீசிற்று. பல்லாயிரக்கணக்கான மாடுகள் நின்ற இடத்திலேயே மடிந்தன. இழப்பீட்டுத் திட்டம் ஒன்று முன்னர் இருந்தது. அது 2011 செப்டம்பருடன் காலாவதியாகிவிட்டது. புதிய சட்டம் நிறைவேறவில்லை. போதாக்குறைக்கு, வரவுசெலவுத் தகராற்றினால் அந்நாட்களில் மத்திய அரசின் அலுவலகங்களே பூட்டிக் கிடந்தன. ‘கவுண்டி’ என்பது அங்கு மாநிலத்தின் உட்பிரிவு. பெரும்பாலான கவுண்டிகளில் விவசாயிகளுக்கென ஓர் அலுவலகம் உண்டு. அந்தக் கதவைத் தட்டினால் திறக்க ஆளில்லை.

அப்போது அம்மாட்டுக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை இதுதான்: இறந்த மாடுகளைப் படம் பிடியுங்கள்; எண்ணி எழுதி வையுங்கள்; சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதங்களின் பின், 2014 பெப்ரவரியில் புதிய விவசாயச் சட்டம் வந்தது. அது காலாவதியான நாளிலிருந்தே செல்லுபடியாகும்படி பின்னோக்கி அமைந்தது. மாட்டின் சந்தை விலையில் நூற்றுக்கு 75 பங்கு கிடைத்தது. மாட்டின் தொடக்க எண்ணிக்கைக்கு ஆதாரம் இருந்தால், குடும்பத்தைச் சாராத அயலார் ஒருவர் எழுதித் தரும் சான்றும் அங்கே ஏற்கப்படுகிறது. எழுதி வைத்தவர் இழப்பீடு பெறும் வழி திறந்தது. எழுதாதவர் எதைக் கொண்டு கேட்பார்?

அந்தச் சட்டத்திலேயே இரண்டாம் வகை உதவியும் உண்டு. வறட்சியை வாரந்தோறும் அளந்து வரைபடம் வெளியிடுகிறார்கள். ஒரு கவுண்டியில் கடும் வறட்சி எட்டு வாரம் தொடர்ந்து நின்றதாக அப்படம் காட்டினால், அக்கவுண்டியின் மேய்ச்சற்காரர் தீவனப் பணம் கேட்கலாம். 2025 இல் அந்த எட்டு வாரத்தை நான்கு வாரமாகக் குறைத்தார்கள். இங்கே மாடு செத்தது என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வானம் பொய்த்தது என்று படம் சொன்னாற் போதும். கென்யாவின் வடபகுதியில் 2010 இல் தொடங்கிய கால்நடைக் காப்புறுதியும் இவ்வகையதே. விண்ணிலிருந்து செயற்கைக் கோள் பூமியின் பசுமையை அளக்கிறது. பசுமை ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் மேய்ப்பரின் கைக்குப் பணம் போகிறது. மாடு உயிரோடிருக்கும்போதே போகிறது என்பதே அதன் சிறப்பு.

தென் டக்கோட்டா வெகு தூரம் என்று எண்ண வேண்டா. 2022 டிசம்பரில் ‘மாண்டஸ்’ புயல் தமிழ்நாட்டுக் கரையைக் கடந்த நாட்களில், நம் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் அதே கதை நடந்தது. மழையில் நனைந்து, குளிர்காற்றில் திறந்த வெளியில் நின்ற மாடுகளும் ஆடுகளும் ஆயிரத்துக்கு மேல் ஓரிரு நாட்களில் மடிந்தன. நஞ்சோ, நோயோ என்று முதலில் ஐயுற்றனர். குளிரே காரணம் என்று தெரிந்தது. ஒரு கூரையும் ஒரு மறைப்பும் இருந்திருந்தால் அவற்றிற் பல பிழைத்திருக்கும்.

நமக்கு வேண்டுவது

டித்வா புயலின் பின் அரசாங்கம் அறிவித்த நிவாரணங்களில் வீட்டுக்கும் பயிருக்கும் மட்டுமன்றிக் கால்நடைக்கும் இழப்பீடு இடம்பெற்றது. இது பாராட்டுக்குரியது. எனினும் நாம் கேட்பது அதற்கு முந்திய ஒன்று.

மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளாக வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாயிருங்கள் என்பது முதலாவது. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் ஆயத்தமாகுங்கள் என்பது இரண்டாவது. 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ வெளியேறுங்கள் என்பது மூன்றாவது. அதன் நிறம் சிவப்பு. பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக, ஹல்துமுல்ல என்று பெயர் குறித்தே எச்சரிக்கை வரும். அமெரிக்கர் வறட்சிப் படத்தைக் கொண்டு கவுண்டிக்குத் தீவனப் பணம் கொடுப்பதுபோல, இச்சிவப்பு எச்சரிக்கையைக் கொண்டு அப்பிரிவின் மாட்டுக்காரருக்குத் தீவன உதவி கொடுத்தால் என்ன? வெளியேறு என்ற கட்டளையோடு, உன் மாட்டுக்கு இத்தனை நாளைக்குத் தீவனம் இங்கே இருக்கிறது என்ற உறுதியும் சேர்ந்து வரட்டும். அந்த உறுதியைக் கேட்ட பெண் விடியற்காலையில் சேற்றில் இறங்கித் திரும்பிப் போகமாட்டாள்.

மனிதருக்கே போதாதபோது மாட்டுக்குப் பணமா என்று கேட்பவர் உண்டு. மாட்டைத் தேடிப் போகிறவர் மனிதர் என்பதே அதற்கு விடை. எச்சரிக்கை அடிக்கடி வருமே, வரும்போதெல்லாம் பணம் கொடுத்துக் கட்டுமா என்பர் வேறு சிலர். நியாயமான கேள்வி. அதனால்தான் பணமாக அன்றித் தீவனமாகக் கொடுக்கலாம் என்கிறோம். ஒவ்வொரு தோட்டத்திலும் ஆபத்தில்லாத மேட்டில் ஒரு தகரக் கூரை, அதன் கீழ் மாடு கட்ட முளைகள், வைக்கோலும் தீவன மூட்டையும் அடுக்க ஓர் அறை: இவ்வளவே வேண்டும். மழை வராத ஆண்டில் அந்தத் தீவனத்தை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கி வைக்கலாம். இல்லாத மாட்டுக்கும் பணம் வாங்கிவிடுவார்களே என்பது மூன்றாவது ஐயம். அதற்கு மருந்து பதிவேடு ஒன்றுதான்.

புதிய வீட்டுத் திட்டங்களிலும் இதை நினைக்க வேண்டும். தோட்டத்து வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்பது 2015 முதல் வழக்கிலிருந்த அளவு. பின் வந்த திட்டத்தில் 10 பேர்ச் என்றார்கள். 7 பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிஞ்சும் இடத்தில் மாட்டை எங்கே கட்டுவது, சாணத்தை எங்கே கொட்டுவது? பட்டி பழைய லயத்தருகேயே நின்றுவிட்டால், புதிய வீடு பெற்றவரும் தினமும் பழைய ஆபத்துக்குள்ளேயே போய் வருவார். ஆகவே பாதுகாப்பான நிலத்தில் பத்து வீட்டுக்கு ஒரு பொதுப் பட்டியேனும் வீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

அரசாங்கம் செய்யும்வரை காத்திராமல், இல்லத்தரசிகள் தாமே செய்யக்கூடியவை சில உண்டு. தோட்டத்துச் சகோதரிகளுக்கு இவற்றை வாசித்துச் சொல்லும் பொறுப்பு, இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் உரியது.

முதலாவது, மாட்டைப் பதிவு செய்தல். அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் பண்ணைப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு மாடு வைத்திருப்பதும் பண்ணைதான். காதில் இடும் இலக்கத் தகடு மாட்டுக்கு நோவு தருமே என்று சிலர் தயங்குவர். ஒரு கணத்து நோவு அது. பெயர் எழுதும்போது யார் பெயரை எழுதுவது என்பதையும் யோசியுங்கள். மாட்டைப் பார்ப்பவள் மனைவி. புத்தகத்தில் இருப்பதோ கணவன் பெயர், சில வீடுகளில் காலஞ்சென்ற மாமனார் பெயர். பணம் வரும்போது அது பெயரைத் தேடித்தான் வரும்.

இரண்டாவது, சான்று. மாட்டின் அருகே நின்று, காதிலக்கம் தெரியும்படி தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். தொலைபேசி மண்ணில் புதைந்தாலும் படம் புதையாது. பாற்கணக்குப் புத்தகத்தை அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். மாடு இறந்துவிட்டால், புதைக்குமுன் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தருக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவித்து, அயலார் ஒருவரையும் சாட்சியாக அழைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வெளியேறும் வேளை. முதலாம் எச்சரிக்கை வந்தபோதே மாட்டை மேட்டிலுள்ள உறவினரிடமோ அயலாரிடமோ கொண்டுபோய்க் கட்டிவிடுவது நன்று. யாரிடம் கட்டுவது என்பதை வெயிற்காலத்திலேயே பேசி வைக்கவேண்டும். அவகாசம் இல்லையெனில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், அல்லது அறுத்துவிடுங்கள். கட்டிய மாடுதான் கட்டிய இடத்தில் சாகும். அவிழ்த்த மாடு மேடு தேடிப் போகும். கன்றையும் தாயோடு சேர்த்து அவிழ்த்துவிட்டால், கன்று குடிப்பதால் மடி வீக்கம் தணியும். நீங்கள் கறக்கப் போகவேண்டிய அவசரமும் குறையும். போகலாம் என்று அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பிப் போகாதீர்கள். மாடு போனால் மூன்றாண்டிற் கன்று வளரும். தாய் போனால் பிள்ளைகளுக்கு யார் வளர்வார்?

ஆராய்ச்சி மணி

கன்றை இழந்த பசுவொன்று அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணியை அசைத்து நீதி கேட்ட கதையைத் திருவாரூரின் மனுநீதிச் சோழன் மேல் வைத்து நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதே மணியின் கதையை அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மேல் வைத்து மகாவம்சம் சொல்கிறது. தமிழரும் சிங்களவரும் தம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை ஒன்றாய் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. பசுவின் துயர் அரசனின் காதுக்கு எட்டவேண்டும் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆனால் அக்கதையில் மணி அடித்தது கன்று இறந்த பின். கொஸ்லந்த மலைச்சரிவில் வாழும் தாய் கேட்பது, கன்றும் பசுவும் உயிரோடிருக்கும்போதே அடிக்கக்கூடிய ஒரு மணி. அவருடைய கேள்விக்கு அன்று விடை சொல்ல நம்மால் இயலவில்லை. “மாட்டுக்கு மேட்டில் இடம் இருக்கிறது அம்மா, தீவனமும் இருக்கிறது, நீங்கள் இங்கேயே இருங்கள்” என்று சொல்லத்தக்க நாள் வரவேண்டும்.

நாம் விடைபெற்றபோது அவர் அந்தச் சிறு பாத்திரத்திலிருந்த பாலைக் காய்ச்சித் தேநீர் வைத்துத் தந்தார். வேண்டா என்றோம், கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவர் எங்கே போவார் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தேநீரை நம்மால் எளிதில் விழுங்க முடியவில்லை.